மகன் கூப்பிடுகிறான், மணியை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு அம்மா நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் பெயர், ஊர் எதையும் போடவில்லை. நாயின் பெயரைக்கூட மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

வயது 66. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். பதினான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். மகன் சென்னையில், மகள் திருப்பூரில். நான்கு வீடுகள் மட்டும் இருக்கும் ஒரு சரிவில் அம்மா தனியாக இருக்கிறார். துணைக்கு மணி, ஐந்து வயது நாட்டு நாய். ரோட்டோரம் மழையில் நனைந்து கிடந்த குட்டியைக் கணவர்தான் ஜெர்கினுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் போன பிறகும் பல வாரங்கள், சாயங்கால மினி பஸ் ஹாரன் கேட்டதும் மணி கேட் வரை ஓடி, பஸ் கிளம்பும் வரை நின்றுவிட்டுத் திரும்பி வருமாம்.

மேல் வீட்டில் ஒரு படுகர் குடும்பம். அந்த வீட்டு மருமகள் "அக்கா, அக்கா" என்று தினமும் எட்டிப்பார்க்கிறார். அவரைக்காய் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் இங்கே வந்துவிடும். அவர் பையன் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் மணியைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு, அப்படியே இங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். எதிர் வீட்டில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கீழ் வீட்டை இப்போது சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மணி ராத்திரியில் குரைக்கிறது என்று அங்கிருந்து மட்டும் புகார்.

மகன் சொல்வது: வீட்டை விற்றுவிட்டு சென்னைக்கு வந்துவிடு. அபார்ட்மென்ட் சங்கத்தில் நாய்க்கு அனுமதியில்லை, யாரிடமாவது கொடு, இல்லையென்றால் தோட்டத்துப் பக்கம் விட்டுவிடு, பிழைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தார் பாசமாக இருப்பதே வீட்டுக்காகத்தான் என்பது அவர் சந்தேகம். அம்மா மணியோடு பேசுவதைப் போனில் கேட்ட மருமகள், "அத்தையை ஒரு மனநல டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

அப்புறம், மகனுக்குத் தெரியாத ஒரு விஷயம். போன ஐப்பசி மழையில் அம்மா வாசல் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். மேல் வீட்டுக்காரர்தான் ஜீப் பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரமும் வீடியோ காலைத் தவிர்த்து, "சிக்னல் இல்லப்பா" என்றே சமாளித்திருக்கிறார்.

கேள்விகள் மூன்று. எனக்கு மனநோயா? சென்னைக்குப் போகத்தான் வேண்டுமா? எனக்கு ஏதாவது ஆனால் மணி என்ன ஆகும்?

அன்புள்ள அம்மா,

மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் கடிதத்தின் நடுவில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. "மணியும் இல்லாவிட்டால் நான் எதற்கு இருக்க வேண்டும்?" பேச்சுவாக்கில் எல்லாரும் சொல்வதுதான் என்று நான் அதைத் தாண்டிப் போக மாட்டேன். நிஜமாகவே உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வருகிறது என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மேல் வீட்டுத் தங்கையிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி எண்ணமெல்லாம் இல்லை, மனசு வெறுமையாக இருக்கிறது, அதைத்தான் அப்படி எழுதினேன் என்றால், சரி, மேலே படியுங்கள்.

மணியோடு பேசுவது நோயில்லை

நாயோடு பேசுகிறவர்கள் எல்லாருக்கும் மாத்திரை எழுதுவதென்றால் நீலகிரியில் பாதிப் பேருக்கு எழுத வேண்டும். "இன்னைக்கு என்னடா குழம்பு வைக்கலாம்" என்று மணியிடம் கேட்கிறீர்கள். மணி பதில் சொல்லாது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வருஷம் அதே கேள்வியைக் கணவரிடம் கேட்டு வந்த வாய், ஒரு நாளில் மூடிக்கொள்ளாது.

இதைவிட உங்களைப் பயமுறுத்துவது வேறொன்று. ராத்திரியில் சில சமயம் அவர் இருமுவது கேட்கிறது என்று எழுதி, "இதை யாரிடமும் சொன்னதில்லை" என்று அடியில் கோடும் போட்டிருக்கிறீர்கள். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்றொரு டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள், சிலர் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். அவர்களில் பலர் அதை அதுவரை வெளியில் சொன்னதே இல்லை. உங்களைப் போலவேதான். துக்கத்தில் இது நடக்கும். இருமல் கேட்டு நீங்கள் கலங்கவில்லை, கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது என்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை.

ஆனால் மருமகள் சொன்னதை முழுசாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் சொன்ன காரணம் தப்பு. டாக்டரை ஒருமுறை பார்ப்பது தப்பில்லை. ஒரு வருஷம் தாண்டிய பிறகும் துக்கம் துளியும் இறங்காமல் அன்றைக்கு இருந்த அதே கனத்தில் நின்றால், மருத்துவம் அதைத் தனிப் பிரச்சினையாகவே பார்க்கிறது. உங்களுக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. சாப்பாடு குறைந்து துணி தொளதொளக்கிறதா, விடிகாலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு அப்புறம் தூக்கமே வருவதில்லையா, அடுப்பில் வைத்ததை அடிக்கடி மறக்கிறீர்களா? இதில் ஏதாவது இருந்தால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். தைராய்டு, பி12 குறைவு போன்றவையும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துவிடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மணியால் ஆவதும் ஆகாததும்

"நாய் வளர்த்தால் ஆயுள் கூடும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை மகனுக்கு அனுப்பி வாதாடாதீர்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு இதய நோய் ஆபத்து சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் சொன்னது உண்மை. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இரண்டு பேர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானில் கண்டதும் உண்மை. தாய்க்கும் சேய்க்கும் நடுவே பாசம் பிடிக்க உதவுகிற அதே ஹார்மோன்தான். ஆனால் நாய் இருந்தால் தனிமை தீர்ந்துவிடுமா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. சிலருக்குத் தீர்கிறது, சிலருக்கு இல்லை.

உங்களுக்கு ஏன் ஆறுதலாக இருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மேல் வீட்டுப் பையன் முதலில் வந்தது மணிக்காக; வீட்டுப்பாடம் பிறகுதான் வந்தது. எதிர் வீட்டுப் பெரியவர் கேட்டில் நின்று பேச ஆரம்பித்ததும், மணிக்கு வர்க்கித் துண்டு போட வந்த இடத்தில்தான். காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு உங்களைப் படுக்கையை விட்டு எழுப்பியது, மணிக்குச் சோறு வைக்க வேண்டும் என்ற கட்டாயம். இது சின்ன விஷயமில்லை. உங்களை நம்பி ஒரு உயிர் இருந்ததால்தான் அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது.

ஆகாதது என்ன? மணி ஜீப் பிடிக்காது. 108-க்குப் போன் செய்யாது. மகன் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றையும் நான் திருத்தியாக வேண்டும். "மணி வெளியில் கட்டியிருப்பதால் சிறுத்தை கிட்டே வராது, அதுதான் எனக்குக் காவல்" என்று எழுதியிருக்கிறீர்கள். நடப்பது நேர்மாறாக. குடியிருப்புக்குள் சிறுத்தை வருவதே பெரும்பாலும் நாய்க்காகத்தான். போன மாதம் கீழே லைன் வீட்டில் நாய் போனதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சங்கிலியில் கட்டியிருந்த நாய். இருட்டுவதற்கு முன்பே மணியை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். சமையலறை மூலையில் ஒரு சாக்கு போதும் அதற்கு. மீந்த சோறு, எண்ணெய்ப் பாத்திரம் எதையும் வெளியே வைக்காதீர்கள். கரடி எண்ணெய் வாசனைக்கு வரும் என்று கோத்தகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ் வீட்டுப் புகாரும் இதோடு முக்கால்வாசி அடங்கிவிடும், உள்ளே படுக்கிற நாய் குறைவாகத்தான் குரைக்கும்.

காட்டெருமை நிற்கிற பாதையில் மணியை அவிழ்த்துவிடாதீர்கள். நாய் குரைக்கும், காட்டெருமை திரும்பித் துரத்தும், நாய் ஓடிவந்து ஒளிவது உங்கள் புடவைக்குப் பின்னால்தான். பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் நடத்திப் போகும்போது பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்கள் நாயை நடத்திச் செல்கையில் விழுந்து எலும்பு முறித்துக்கொள்வது 2004-க்கும் 2017-க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதாக ஒரு ஆய்வு சொன்னது. அங்கே சமதளம். உங்கள் வீட்டுப் படியில் பாசி.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. "நாட்டு நாய்தானே, அதற்கெல்லாம் எதற்கு" என்று நினைத்திருக்கிறீர்கள். வெறிநோய்க்கு நாட்டு நாய், சீமை நாய் என்ற பேதம் கிடையாது. வருஷா வருஷம் ஊசி போட வேண்டும், கால்நடை மருந்தகத்தில் எழுதித் தரும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். 1907-இலிருந்து வெறிநாய்க்கடிக்கு வேலை செய்யும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைக் குன்னூரில் வைத்துக்கொண்டு, நாம் ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. மணியே விளையாட்டாகப் பல் பதித்தாலும், பையனுக்குக் கீறல் பட்டாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மேல் வீடு, எதிர் வீடு

கடிதத்தில் நான் அதிகம் யோசித்த பகுதி இது. "எவ்வளவுதான் அவர்களைத் தொந்தரவு செய்வது? கடன் ஏறிக்கொண்டே போகிறது, எப்படித் திருப்பித் தருவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தங்கை தினமும் எட்டிப்பார்க்கிறார், ஆனால் நீங்களாக ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. விழுந்த அன்றுகூட நீங்கள் கூப்பிடவில்லை. மணி குரைத்த குரைப்பில் அவர்தான் ஓடிவந்தார்.

அம்மா, நீங்கள் வாங்குவதை மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள், கொடுப்பதை எழுதவேயில்லை. அந்தப் பையனுக்கு ஆறு மாதமாகக் கணக்குச் சொல்லித் தருகிறீர்கள். டியூஷனுக்கு அனுப்பினால் மாசம் எவ்வளவு ஆகும்? ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவர்கள் சொந்த ஹட்டிக்கு, அதாவது படுகர் கிராமத்துக்கு, போன நாட்களில் வீட்டுச் சாவியும் கோழியும் உங்கள் பொறுப்பில்தானே இருந்தன? பெரியவருக்கு பென்ஷன் மனு எழுதித் தருவது யார்? இத்தனை வருஷம் சத்துணவு மையத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை, இப்போது ஒரு கிண்ணம் குழம்பு வாங்கக் கூசுகிறது.

கேட்காமல் இருப்பதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் கேட்காததால் யாருக்கு எது வேலை என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் மேல் வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்கும்போது நீங்கள் விழுந்தால் என்ன ஆகும்? உங்களுக்குத் துணை இருக்கிறது, ஏற்பாடு இல்லை. மகன் அந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறார். அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் வீட்டை விற்கச் சொல்கிறார்.

ஆகவே இதைச் செய்யுங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு மணியை ஒரு படம் எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எட்டு மணி வரை படம் வராவிட்டால் மகன் உங்களைக் கூப்பிட வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் மேல் வீட்டை, அங்கும் எடுக்காவிட்டால் எதிர் வீட்டை. மூன்று எண்களும் அவரிடம் இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத நாளில் பள்ளிக்குப் போகும் பையன் எட்டிப்பார்த்து, பஸ் ஸ்டாப் வந்ததும் அவன் அம்மா போனில் தகவல் சொல்லட்டும். மாற்றுச் சாவி ஒன்று மேல் வீட்டில். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு விசில், போனுக்குச் சார்ஜ். படிக்கு ஒரு கைப்பிடிக் குழாய் வைத்துப் பாசியைச் சுரண்டச் சொல்லுங்கள். பி.பி. மாத்திரைக்கு மலையேறி இறங்க வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து வீட்டுக்கே வந்து பார்த்துத் தருகிறார்கள், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மகன் பக்கம் நிற்கிறேன். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் மேல் வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பணம் எடுக்கச் சொல்கிறீர்கள். நிறுத்திவிடுங்கள். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நல்லவர் என்பதற்காகத்தான் சொல்கிறேன். நாளைக்கு வங்கிக் கணக்கில் ஏதாவது குளறுபடி வந்தால், யார் தப்பு என்று தெரிவதற்குள் அந்த உறவு உடைந்துவிடும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து, ஆதார் கைரேகை வைத்துப் பணம் தருவார். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றும் அப்படியே வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காகத்தான் ஒட்டுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு நீங்கள் வாயால் பதில் சொல்லத் தேவையிருக்காது. பணமும் பத்திரமும் அவர்கள் கைக்குப் போகவே இல்லை என்று மகன் நேரில் பார்த்தால் போதும்.

சென்னை

முதலில் சட்டம். அபார்ட்மென்ட் சங்கம் கூடி ஓட்டுப் போட்டாலும், செல்லப்பிராணி கூடாது என்று தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நாய் பெரிது சிறிது என்று பார்க்கவோ, லிப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவோ அதிகாரமில்லை. மறுபக்கம், சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. மகன் இருப்பது வாடகை வீடாக இருந்தால், வீட்டு உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரயிலில் மணியைக் கூட்டிப்போவதென்றால் ஏசி முதல் வகுப்பில் கூபேயோ அறையோ முழுவதும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க் கூண்டு. கார்தான் மணிக்கு நல்லது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் இறங்கும்படி நான் சொல்ல மாட்டேன். மருமகளுக்கு வீசிங் தொந்தரவு உண்டு என்று நீங்களே ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சட்டத்தில் பதிலில்லை. மணிக்கும் ஏழாவது மாடி பால்கனி ஒத்துவருமா? கதவைத் திறந்தால் சரிவில் ஓடிப் பழகிய நாய் அது.

உங்களுக்கு ஒத்துவருமா என்பதையும் யோசியுங்கள். காலை எட்டரைக்கு மகனும் மருமகளும் கிளம்பிவிடுவார்கள், பேத்தி பள்ளிக்கு. சாயங்காலம் வரை பூட்டிய கதவுகள் உள்ள ஒரு தளத்தில் நீங்கள் தனியாக. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிக்கை வெளியிட்டது. குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தத் தனிமை வரும். அதற்காகச் சென்னை வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுபத்தைந்து வயதில் முழங்கால் விட்டுப்போனால் இந்தச் சரிவில் இருக்க முடியாது, அதை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

நான் சொல்வது நடுவில் ஒரு வழி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் எப்படியும் உங்களுக்கு மூட்டு வலி. அந்த இரண்டு மாதம் சென்னைக்குப் போய் இருந்து பாருங்கள். மணி மேல் வீட்டில் இருக்கட்டும், தீனிக்குக் காசு கொடுத்துவிடுங்கள், அவர்கள் மறுத்தாலும் கொடுங்கள். வீடு பூட்டியே இருக்கட்டும். பொங்கல் முடிந்து திரும்பி வந்து முடிவெடுங்கள். தோட்டத்தில் விட்டுவிடச் சொல்வதற்கு மட்டும் இடமே கொடுக்காதீர்கள். அப்படி விட்ட நாய் பிழைப்பதில்லை, சிறுத்தைக்கு இரையாகும். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மகனுக்கு இது தெரிந்திருக்காது, கோபப்படாமல் சொல்லுங்கள்.

வீட்டுப் பத்திரம்

"எப்படியும் மகனுக்குப் போகிற வீடுதானே, கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். வீடு கணவர் பெயரில், உயில் இல்லை, மாமியாரும் இல்லை என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. மகளைக் கேட்காமல் விற்கவும் முடியாது. விடுதலைப் பத்திரம், செட்டில்மென்ட், பவர் என்று எந்தப் பெயரில் காகிதம் வந்தாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். என்றைக்காவது எழுதிக் கொடுப்பதாக இருந்தால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அப்படி இருந்தால்தான் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய, உங்களுக்கு உறுதியாகக் கைகொடுக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100-இல் பேசலாம். மகன் மோசம் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. துக்கத்தில் இருக்கும்போது யாருமே பத்திரத்தில் கை வைக்கக்கூடாது என்பது என் எண்ணம், அவ்வளவுதான்.

எனக்குப் பிறகு மணி?

மணி பெயருக்கு வீட்டையோ பணத்தையோ எழுதி வைக்க முடியாது. நம் சட்டத்தில் நாய் வாரிசாக முடியாது. ஒரு மனிதரை நியமித்து, மணியைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு தொகை என்று உயிலில் எழுதலாம். ரத்தன் டாடா தன் நாய் டிட்டோவை நெடுநாள் சமையல்காரர் பொறுப்பில் விட்டு உயிலில் ஏற்பாடு செய்திருந்ததாகப் பத்திரிகைகளில் வந்ததே, அது மாதிரிதான். தொகை உங்கள் வசதிக்கு இருந்தால் போதும். உயில் வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பயன்பெறுபவரே சாட்சியாக இல்லாமல் இருப்பது நல்லது, ஆகவே மேல் வீட்டுத் தங்கைக்கு எழுதுவதானால் அவரும் அவர் கணவரும் சாட்சி போட வேண்டாம். எதிர் வீட்டுப் பெரியவரையும் வேறொருவரையும் வையுங்கள். எழுதுவதற்கு முன்னால் தங்கையிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். "எனக்கு ஒன்று ஆனால் மணியை வைத்துக்கொள்வாயா?" அவர் சரி என்று சொல்லிவிட்டால் உங்கள் பயத்தில் பாதி அன்றைக்கே இறங்கிவிடும். நாட்டு நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும். மணிக்கு ஐந்துதான் ஆகிறது. உங்களுக்கு முன்னால் அது போகவும் வாய்ப்பு உண்டு. அந்த நாளைக்கும் உங்களுக்கு மனிதர்கள் வேண்டும்.

கடைசியாக, அந்த மாவுக்கட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடும்போது முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் நான்கு பேருக்குத் தெரிந்த செய்தி, என்றைக்கானாலும் அவர் காதுக்குப் போகும். வேறு யார் வாயாலாவது கேட்டால் அப்புறம் நீங்கள் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வது எதையுமே அவர் நம்ப மாட்டார். கத்துவார். "இதுக்குத்தாம்மா சொன்னேன்" என்பார். கத்தி முடிக்கட்டும். பிறகு யார் ஜீப் பிடித்தது, யார் ஆறு வாரம் துணி துவைத்தது, யார் தலை பின்னிவிட்டது என்று சொல்லுங்கள். காலை ஏழு மணிப் படம், மூன்று எண்கள், கைப்பிடிக் குழாய், தபால்காரர் என்று செய்யப்போகும் ஏற்பாட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பேசும் நேரத்தில் மேல் வீட்டுத் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இத்தனை மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.